பனித்தளத்தில் யாருக்கு எந்த நேரம்?

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பாத்தியைத் தயார் செய்வதும், லடாக்கில் ஐஸ் ஹாக்கிக்குத் தளம் போடுவதும் ஏறக்குறைய ஒரே கைவேலை. இரண்டுக்கும் முதலில் தரையைச் சமன்படுத்த வேண்டும், வரப்புக் கட்ட வேண்டும், தண்ணீரை மெல்லிய படலமாக நிறுத்த வேண்டும். அதன் பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். இங்கே வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப்போகிறது. அங்கே இரவுக் குளிர் அந்த நீரையே கல்லாக்குகிறது. அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீரை விட்டால் இரண்டுமே கெடும். பனித்தளத்தில் ஒரு படலம் உறைந்த பிறகுதான் அடுத்ததை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே குமிழி நின்று, சறுக்கும்போது வெடிக்கும். உப்பளத்துக்கு எமன் கோடைமழை என்றால் பனித்தளத்துக்கு எமன் நடுப்பகல் வெயில்.

குயிலாப்பாளையம் அந்த உப்பளக் கடற்கரைக்குத் தெற்கே, ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டில் இருக்கிறது. இங்கே ஐஸ் என்றால் மீன் பெட்டிக்கு உடைத்துப் போடுவதும் சர்பத் கடையில் கிடைப்பதும்தான். இந்த ஊரின் பெண்பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடப்போவதில்லை. ஆனாலும் இந்தியாவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி வேர்விட்ட ஒரே பெரிய நிலமான லடாக்கை இங்கிருந்து பார்க்கும்போது, பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று கண்ணில் படுகிறது. லடாக் பெண்களைப் பற்றி எழுதப்படுபவை குளிரையும் துணிச்சலையும் மலையையும் சுற்றியே நிற்கின்றன. படங்களும் அழகாக இருக்கின்றன. தளம் எத்தனை மணிக்கு யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. பட்டாளத்துக்காரர்கள் எப்போது இறங்குகிறார்கள், பையன்கள் எப்போது, பெண்பிள்ளைகள் எப்போது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கடந்த சில பத்தாண்டுகளின் வரலாறு வேறு மாதிரியாக விரிகிறது.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவுதான். வடகிழக்குப் பருவமழையில் நம் கடற்கரை ஒரே நாளில் அதைக் கண்டுவிடும். அங்கே விவசாயம் பனிமலை உருகி வரும் ஓடைநீரை நம்பியது. அந்த நீரைத் தேக்கி வைக்க ஊருக்கு ஊர் சிறு குளங்கள் உண்டு, ஜிங் என்பார்கள். எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை நேரம் என்று பங்கிட்டுக் கொடுக்க ஊரே ஒருவரை நியமிக்கும்; அவர் சுர்போன். நம் ஏரிகளில் நீர்கட்டி பார்த்த வேலை அது. குளிர்காலத்தில் வயலில் வேலையில்லை, குளத்துக்கும் வேலையில்லை. நீர் உறைந்து கிடக்கும். பிள்ளைகள் அதில் சறுக்கத் தொடங்கினார்கள். லேயில் கர்ஸூ குளமும் குபுக் குளமும் அப்படித்தான் ஆடுகளமாயின. கோடையில் துல்லியமாக முறை வைத்துப் பங்கிடப்பட்ட அதே நீருக்கு, குளிர்காலத்தில் முறை வைக்க யாரும் இல்லை. முந்தியவர்களுக்கும் பலமுள்ளவர்களுக்கும் அது கிடைத்தது.

முந்தியவர்கள் பட்டாளத்துக்காரர்கள். 1970களில் லடாக்கில் நிறுத்தப்பட்டிருந்த படைவீரர்களும் லடாக் ஸ்கவுட்ஸ் வீரர்களும் குளிர்காலப் பொழுதுபோக்காக இந்த ஆட்டத்தை ஆடினார்கள். பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட்ஸ் செய்துகொண்ட காலம் அது. 1985-இல் லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் வந்தது. 1989-இல் இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் உருவாகி, அதே ஆண்டில் சர்வதேசக் கூட்டமைப்பிலும் சேர்ந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1920-இல், சிம்லாவில் ஒரு டென்னிஸ் மைதானத்தின் குழாய் கசிந்து உறைந்ததைப் பார்த்து ஓர் ஆங்கிலேயர் சறுக்குத்தளம் போட்டார் என்பார்கள். அது துரைமார்களின் மாலைநேரக் கேளிக்கை. லடாக்கில் ஆட்டம் ஊர்க்காரர்களுடையது. ஆனால் ஊர்க்காரர்கள் என்ற சொல்லுக்குள் நெடுங்காலம் பெண்பிள்ளைகள் இல்லை. கரையில் நின்று பார்க்கலாம், கைதட்டலாம், தளம் காலியாக இருந்தால் சற்று சறுக்கலாம். கோலும் பக்கும் வந்துவிட்டால் கரையேற வேண்டும்.

அவர்களைக் கரையில் நிறுத்தியதில் கட்டுப்பாட்டுக்குச் சமமான பங்கு சாமானுக்கும் உண்டு. கோவில்பட்டியில் ஒரு சிறுமி ஹாக்கி பழக ஒரு மட்டையும் காலணியும் போதும். ஐஸ் ஹாக்கிக்கு அது நடக்காது. பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள, 160 கிராம் அளவு எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. உறைந்த தரையில் அது வரும் வேகத்துக்கு எலும்பு தாங்காது. தலைக்கவசம், தோள்கவசம், முழங்கைக் கவசம், தடித்த கையுறை, முழந்தாள் கவசம், ஸ்கேட்ஸ் எல்லாம் வேண்டும். கோல்கீப்பருக்கு இதற்கு மேலும் ஒரு மூட்டை. எதுவும் லே கடைவீதியில் வாங்கக் கூடியதாக இல்லை. முதல் தலைமுறைப் பெண்கள் அண்ணன்மாரின் சாமான்களையும் ஆண் ஆட்டக்காரர்களின் சாமான்களையும் இரவல் வாங்கினார்கள். இரவல் சாமான் அளவு சேராது என்பது ஒரு தொல்லை. பெரிய தொல்லை வேறு: ஆண்கள் ஆடி முடித்துக் கழற்றிய பிறகுதான் அது கைக்கு வரும். ஆகவே அவர்களின் ஆட்டநேரம் எப்போதும் இன்னொருவரின் ஆட்டம் முடிவதைப் பொறுத்தது. முடியும்போது வெயில் ஏறித் தளம் இளகியிருக்கும், இல்லாவிட்டால் இருட்டியிருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்ததில் லேயை விட ஃபே என்ற சிற்றூருக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். சிந்து நதிக்கரையிலுள்ள அந்த ஊரில் செக்மால் என்ற மாற்றுக் கல்வி வளாகம் இருக்கிறது. 1988-இல் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம் அது. பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளுக்கான இடமாகப் பெயர்பெற்றது. மாணவர்களே வளாகத்தில் குளம் வெட்டி நீர் நிரப்பிப் பனித்தளம் போட்டார்கள். மாணவிகளும் அந்த வேலையில் இருந்தார்கள், அந்தத் தளத்தில் ஆடவும் செய்தார்கள். லடாக்கின் தொடக்ககாலப் பெண் ஆட்டக்காரர்கள் பலர் அங்கிருந்து வந்தது தற்செயல் இல்லை. நகரத்துத் தளத்தில் அவர்கள் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இங்கே தளம் போட்டவர்களில் அவர்களும் இருந்ததால், எப்போது இறங்குவது என்பதை அவர்களும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். வரப்புக் கட்டியவருக்குப் பாத்தியில் பேச்சுரிமை உண்டு என்பது உப்பளத்தில் எப்போதும் நடக்கிற காரியமில்லை. மரக்காணத்தில் விடியும் முன்பே இறங்கி உப்பு வாரும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2016-இல் இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாகச் சர்வதேசப் போட்டிக்குப் போனது. தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை அது. போகப் பணமில்லை; இணையத்தில் பொதுமக்களிடம் கைநீட்டித் திரட்டிய நிதியில் போனார்கள். முழு அளவுச் செயற்கைத் தளத்தில் ஆடிப் பழகியவர்களோடு, இரண்டு மாதக் குளத்துப் பனியில் கற்றவர்கள் மோதினார்கள். தோற்றுத் திரும்பியதில் வியப்பில்லை. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தியதுதான் முதல் வெற்றி. அப்போது அவர்கள் தேசியகீதம் பாடி அழுத காணொளியை நாடே பார்த்தது. கோல்கீப்பர் நூர் ஜஹான், தொழிலால் பழைய புத்த ஓவியங்களையும் சுவரோவியங்களையும் செப்பனிடுபவர். ஷெஸ்ரிக் லடாக் என்ற கலைப் பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். செவாங் சுஸ்கித், ரிஞ்சன் டோல்மா, டிஸ்கித் ஆங்மோ என்று அந்த அணியிலிருந்த மற்றவர்களும் படிப்பு, வேலை, வீடு என்று ஒவ்வொன்றையும் தள்ளிவைத்தே ஆட்டத்துக்கு நேரம் எடுத்தவர்கள்.

அந்த ஆண்டுகளில் அணி பயிற்சி எடுத்த இடங்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். குளத்துப் பனி உருகிய பிறகு குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருந்த சறுக்குத்தளம்தான் கதி. பிறந்தநாள் கொண்டாட வரும் பிள்ளைகளுக்காகப் போட்டது. ஹாக்கித் தளத்தின் முழு அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அங்கும் வாடிக்கையாளர் கூட்டம் போக மிஞ்சிய நேரமே கிடைக்கும். நாட்டில் முழு அளவு உள்ளரங்குத் தளம் இல்லாமல் இல்லை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் ஒன்றைக் கட்டினார்கள். விளையாட்டுகள் முடிந்ததும் பராமரிக்கப் பணமில்லாமல் அது மூடிக்கிடந்தது. மறுபடி உயிர்பெற 2025 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பெண்கள் வந்து, ஆடி, ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

குளிர்நாடுகளின் கதை இதிலிருந்து அவ்வளவு விலகியதில்லை. 1955-இல் டொரண்டோவில் ஆபி ஹாஃப்மன் என்ற சிறுமி முடியைக் குட்டையாக வைத்துக்கொண்டு, பெயரையும் ‘ஆப்’ என்று சுருக்கிக்கொண்டு பையன்கள் லீகில் சேர்ந்தாள். நன்றாக ஆடியதால் தேர்வணிக்குப் பெயர் வந்தது; அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. பின்னாளில் அவர் ஓட்டப்பந்தய வீராங்கனையாக நான்கு ஒலிம்பிக்குகள் கண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில் ஜஸ்டின் பிளெய்னி பையன்கள் அணிக்குத் தேர்வாகியும் ஆட அனுமதி கிடைக்காமல் வழக்குப் போட்டாள். ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டம் விளையாட்டில் மட்டும் பெண்களை ஒதுக்கலாம் என்று விலக்குத் தந்திருந்தது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவையே தள்ளிவிட்டது. பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப் 1990-இல் ஒட்டாவாவிலும், ஒலிம்பிக் ஆட்டம் 1998-இல் நாகானோவிலும் தொடங்கின.

சட்டம் கதவைத் திறந்த பிறகும் தளத்தின் நேரம் கைக்கு வரவில்லை என்பதே என் அக்கறைக்குரிய பகுதி. 2009-இல் டொரண்டோவில் லீசைட் பெண்கள் ஹாக்கி அமைப்பு ஒரு கணக்கை முன்வைத்தது. நகராட்சிக்குச் சொந்தமான அரங்குகளில் நல்ல நேரங்கள் எல்லாம் நெடுங்காலமாக வரும் ஆண்கள், பையன்கள் குழுக்களுக்கே போகின்றன. பெண்பிள்ளைகள் அதிகக் காசு கொடுத்துத் தனியார் அரங்குகளுக்கும் ஊருக்கு வெளியே உள்ள தளங்களுக்கும் அலைகிறார்கள். அங்கே யாரும் பெண்களைத் தடுக்கவில்லை. சென்ற ஆண்டு யாருக்கு எந்த நேரமோ இந்த ஆண்டும் அப்படியே என்ற வழக்கம் மட்டும்தான் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது தடையாகவே வேலை செய்தது. வரிப்பணத்தில் கட்டிய அரங்கில் பங்கு எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். நகராட்சி தன் ஒதுக்கீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் விடிகாலை ஐந்து மணிக்குப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு அரங்குக்குப் போகும் நாட்டில், அந்த ஐந்து மணி யார் தலையில் விழுகிறது என்பது சின்ன விஷயமில்லை.

லடாக்குக்கு வெளியுதவி வந்த கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அமெரிக்கரான ஆடம் ஷெர்லிப் ஹாக்கி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் மூலம் பயிற்சியும் சாமானும் கொண்டுவந்தார். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் லேக்கு வந்தார். கூடவே ஹாக்கி வீரர் ஆண்ட்ரூ ஃபெரன்ஸும் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் பெண்கள் கால்கரிக்குப் போய் விக்கன்ஹைசரின் விழாவில் ஆடினார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் மூட்டை மூட்டையாகச் சாமான் வந்திறங்கும் படத்தைவிட, ஆட்டக்காரப் பெண்களே சேர்ந்து அமைத்த லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஃபவுண்டேஷனின் வேலையை நான் பெரிதாக நினைக்கிறேன். அவர்கள் குளிர்காலத்தில் கிராமங்களுக்குப் போய் முகாம் போட்டார்கள். முகாம் என்றால் பயிற்சி மட்டுமில்லை. அந்த நாட்களில் அந்த ஊர்க் குளம் குறிப்பிட்ட மணிகளில் பெண்பிள்ளைகளுக்கு என்று ஊரறிய ஒதுக்கப்படுகிறது. அம்மாக்களும் பாட்டிகளும் கரையில் வந்து நிற்கிறார்கள். ஒருமுறை அப்படி நடந்த குளத்தில் மறுவருடம் பெண்பிள்ளை இறங்கினால் யாரும் ஏறச் சொல்வதில்லை.

இதற்குக் காலமும் ஒத்துழைத்தது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை லடாக்கில் பள்ளிகளுக்கு நீண்ட குளிர்கால விடுமுறை. வயல்வேலை இல்லை, சுற்றுலாக்காரர் கூட்டமும் குறைவு. பெண்பிள்ளைக்கு ஆண்டிலேயே அதிகம் ஓய்வு கிடைக்கிற வாரங்களும் பனி நிற்கிற வாரங்களும் ஒன்றாக அமைந்தன. அடுத்து வேலைவாய்ப்பு வந்தது. இந்தோ-திபெத்திய எல்லைக் காவல்படை பெண்கள் அணி ஒன்றை வைத்திருக்கிறது. ஸ்கேட்ஸ் கட்டிய மகள் சீருடை போட்டுச் சம்பளம் வாங்குவாள் என்று தெரிந்ததும், முகத்தில் காயம் பட்டால் கல்யாணம் நடக்குமா என்ற கேள்வியின் குரல் தாழ்ந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பிக் கபடிக்கும் ஓட்டத்துக்கும் மகளை அனுப்பும் பெற்றோருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. 2024-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் ஐஸ் போட்டிகள் லேக்கு வந்தன. அதே ஆண்டு, திருவொற்றியூரில் இந்திய ஆலையைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டின் பெயரில் பெண்கள் அணிகளையும் சேர்த்த ஒரு லீக் லேயில் தொடங்கியது. இமாச்சலின் ஸ்பிதியிலும் பிள்ளைகள் கோல் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். அவர்களின் முதல் பதக்கம். பாலைவன நகரில் ஐஸ் ஹாக்கி. இதே வரிசைப் போட்டிகளில் தங்கம் வென்ற தாய்லாந்தின் தலைநகரில் நம் புதுச்சேரி அளவு வெக்கையும் புழுக்கமும் உண்டு. மின்சாரமும் பணமும் இருந்தால் எங்கும் ஐஸ் உண்டு. குளிர் இருந்தும் லடாக் பின்தங்கியதற்கு, குளத்துப் பனி ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டுமே நிற்பது காரணம். குளிர்காலம் வெதுவெதுப்பாகிவரும் இந்நாளில் அந்த இரண்டு மாதமும் சுருங்குகிறது. பனி நாள் குறைந்தால் எல்லாருக்கும் சம அளவில் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. வரிசையில் கடைசியில் நிற்பவரின் நேரம்தான் முதலில் போகும். லே மைதானத்தில் இயந்திரம் உறையவைக்கும் தளம் நிலைபெறும்போது பருவம் நீளும். பராமரிப்புச் செலவுக்காகக் கட்டணமும் வரும். சிற்றூர்க் குளத்தில் இலவசமாக இறங்கிய எட்டு வயதுச் சிறுமி அந்தக் கட்டணத்தோடு எப்படிப் போட்டியிடுவாள் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

லடாக் பெண்களுக்கு வெயில்காலத்தில் பனி இல்லை. சக்கர ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு தார்ச்சாலையில் பழகுகிறார்கள். இந்த இடத்தில் அவர்கள் ஆட்டம் நம் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சக்கரச் சறுக்கில் தமிழ்நாடு சளைத்ததில்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபரில், 3,000 மீட்டர் தொடர் சறுக்கில் வெண்கலம் வென்ற பெண்கள் நால்வரில் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் இருந்தார்கள். 2025-இல் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் உலகச் சாம்பியனானார். கோலும் பந்தும் சேர்த்துச் சக்கரத்தில் ஆடும் ஹாக்கியும் இந்தியாவில் உண்டு. அதற்குத் தேவை வழவழப்பான சிமென்ட் தரை, அவ்வளவுதான். மாமல்லபுரத்தில் சக்கரப் பலகையில் ஏறிய கமலியைப் பற்றிய குறும்படம் பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போயிற்று. ஒரு சிறுமியைப் படம் பிடித்துக் கொண்டாடுவது சுலபம். இருபது சிறுமிகளுக்கு ஒரு தரையைத் தினமும் விடுவது வேறு சங்கதி.

குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் உள்ள ஊர்களில் திடல் இல்லாமல் இல்லை. குயிலாப்பாளையத்தை ஒட்டியே ஆரோவில்லின் விளையாட்டுத் திடல் இருக்கிறது. பள்ளி நாலே காலுக்கு விடும். ஆறு மணிக்கு இருட்டு. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பெரும்பாலான ஊர்த் திடல்களில் பையன்களின் கிரிக்கெட் நடக்கிறது. அம்மா உப்பளத்துக்கோ மீன் விற்கவோ போன வீட்டில் பெண்பிள்ளைக்கு அந்த நேரம் தண்ணீர் பிடிக்கவும் உலை வைக்கவும் போகிறது. பையன்கள் யாரையும் விரட்டுவதில்லை. டொரண்டோவிலும் விரட்டவில்லை.

லடாக்கில் குளிர்கால விடுமுறை செய்த உதவியை இந்தக் கரையில் செய்யக்கூடிய ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், மீன் வரத்துக் குறையும். அதன் பெரும்பகுதி பள்ளி விடுமுறை. மீனவக் குப்பங்களில் கருவாடு உலர்த்த அரசு போட்டுக்கொடுத்த சிமென்ட் தளங்களும் வலை பின்னும் கூடங்களும் இருக்கின்றன. அந்த வாரங்களில் அவற்றில் வேலை குறைவு. காலை ஆறிலிருந்து எட்டுவரை சிமென்ட் சுடாது. அந்த இரண்டு மணி நேரத்தைச் சக்கர ஸ்கேட்ஸுக்கோ வெறும் ஓட்டத்துக்கோ பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்க அரசாணை எதுவும் வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்து கூடி ஒரு வார்த்தை சொன்னால் போதும். வலை, படகு, திருவிழா, சண்டை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துத் தீர்ப்புச் சொல்கிற பஞ்சாயத்து அது. அதில் உட்காருகிறவர்கள் வழக்கமாக ஆண்கள்.